ஐயத்தை ஏணியாக்கிய ஆசான்

தேர்ந்தெடுத்த படிப்பு தமக்கு உரியதுதானா, கிடைத்த வேலையில் நிலைக்க முடியுமா, குடும்பத்தின் தேவை, உள்ளத்தின் வேட்கை ஆகிய இரண்டில் எதனை முன்வைப்பது என்னும் வினாக்கள் இளமையில் எல்லோரையும் ஏதோ ஒரு நாளில் வந்தடைகின்றன. புகழின் உச்சியை அடைந்தவர்களுக்கு இவ்வினாக்கள் எழுந்ததே இல்லை என்று எண்ணிக்கொள்வது எளிது; ஆனால், அஃது உண்மையன்று. இந்தியக் குடியரசின் இரண்டாம் குடியரசுத் தலைவராக விளங்கிய சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் பிற்கால உயர்வுகளைப் பலரும் அறிவர். அவ்வுயர்வுகளுக்கு முன், ஏறத்தாழ இருபது ஆண்டுகள், வறுமையோடும் தன் ஆற்றல் குறித்த தயக்கத்தோடும் இல்லறப் பொறுப்போடும் அவர் நடத்திய போராட்டம் அந்த அளவுக்கு அறியப்படவில்லை. அந்த இருபது ஆண்டுகளின் வரலாறே இப்பாடம்.

எல்லை ஊரின் பிள்ளை

இன்றைய திருவள்ளூர் மாவட்டம் பல முகங்களைக் கொண்டது. கிழக்கே பழவேற்காட்டு ஏரியும் மீனவர் குடியிருப்புகளும். வடகிழக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகள். நடுவே நெல் வயல்கள். மேற்கே திருத்தணியின் மலைக்கோயிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களில் ஓயாது ஒலிக்கும் தறிகளும். அம்மேற்குப் பகுதியைச் சேர்ந்த திருத்தணியில் 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் இராதாகிருஷ்ணன் பிறந்தார். தந்தை வீராசாமி, தாய் சீதம்மா. முன்னோர் நெல்லூர்ப் பகுதியின் சர்வபள்ளி என்னும் ஊரினர். ஆதலால், அவ்வூரின் பெயரே குடும்பப் பெயராக நிலைத்தது.

அவர் பிறந்த காலத்தில் திருத்தணி, வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனோடு சேர்ந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தின் பகுதியாயிற்று. மக்களின் நெடிய போராட்டத்திற்குப் பின் 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் மீண்டும் தமிழ் நிலத்தோடு இணைந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் அவ்வெல்லை ஊரில், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட எளிய குடும்பமொன்றில் அவர் வளர்ந்தார்.

தந்தை, ஜமீன்தார் ஒருவரிடம் வருவாய்த் துறையில் சிறு பணி செய்துவந்தார். வருவாய் குறைவு, குடும்பமோ பெரிது. மகனை நெடுந்தொலைவு அனுப்பிப் படிக்கவைக்கும் வசதி அவருக்கு இல்லை. கல்வி உதவித்தொகை கிடைக்கும் இடமே மகன் செல்லக்கூடிய இடமாக இருந்தது. இதனால் ஒவ்வொரு தேர்வும் இராதாகிருஷ்ணனுக்கு அறிவுச் சோதனையாக மட்டும் அமையவில்லை. அடுத்த ஆண்டும் படிப்பைத் தொடர முடியுமா என்பதை முடிவு செய்யும் வாயிலாகவும் அமைந்தது. திருப்பதியில் லுத்தரன் திருச்சபை நடத்திய பள்ளியில் 1896 முதல் 1900 வரையிலும், வேலூர் ஊரீசுக் கல்லூரியில் 1904 வரையிலும் அவர் பயின்றார்.

இயல்பில் அவர் கூச்சம் மிக்கவர். கூட்டத்தோடு கலந்து பழகுவதைக் காட்டிலும் தனிமையில் நூல்களோடு இருப்பதையே விரும்பினார். பின்னாளில் தம் இளமையை நினைவுகூர்ந்து எழுதியபோதும் இத்தனிமை விருப்பத்தை அவர் மறைக்கவில்லை. உலக நாடுகளின் அவைகளில் குறிப்புத்தாள் இன்றிப் பேசிப் புகழ்பெற்ற ஒருவர், பள்ளிப் பருவத்தில் பேசத் தயங்கும் சிறுவராக இருந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

வேலூரில் பயின்ற காலத்திலேயே, அக்கால வழக்கப்படி, பெற்றோர் அவருக்குத் திருமணம் செய்துவைத்தனர். மணமகள் சிவகாமு, தூரத்து உறவினர். மணமகனினும் வயதில் இளைய சிறுமி. தம் வாழ்வு எத்திசையில் செல்லும் என்பதை அறியாத பருவத்திலேயே, மற்றொருவர் வாழ்வுக்கும் பொறுப்பேற்கும் நிலை அவருக்கு ஏற்பட்டது.

தற்செயலாய் வாய்த்த பாடம்

1904இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இராதாகிருஷ்ணன் சேர்ந்தார். அக்கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை. சென்னை உயர்நீதிமன்றத்தின் எதிரே அமைந்திருந்தது. இளங்கலைப் படிப்புக்கு எப்பாடத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது அவர்முன் நின்ற முதல் வினா. கணிதம், இயற்பியல், வரலாறு எனப் பல வழிகள் திறந்திருந்தன. எதிலும் அவருக்கு உறுதியான பற்று ஏற்பட்டிருக்கவில்லை.

அந்நேரத்தில், அக்கல்லூரியிலேயே பயின்று பட்டம் பெற்ற உறவினர் ஒருவர், தாம் பயன்படுத்திய பாடநூல்களை அவரிடம் கொடுத்தார். அவை உளவியல், அளவையியல், அறவியல் ஆகியன பற்றிய தத்துவப் பாடநூல்கள். புதிய நூல்கள் வாங்கப் பணமில்லாத மாணவனுக்கு அந்நூல்களே வழிகாட்டின. நூல்கள் கையில் இருந்தமையால் தத்துவம் அவருடைய பாடமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் புகழ்மிக்க இந்தியத் தத்துவப் பேராசிரியர், பெருங்கனவு ஒன்றைப் பின்தொடர்ந்து அத்துறைக்குள் வரவில்லை. பழைய நூல்கள் சிலவற்றின் வழியாகவே வந்தார்.

விரும்பிய பாடம் கிடைக்கவில்லை என்று இன்று வருந்தும் மாணவர் பலர். தாம் விரும்புவது எது என்பதே தெளிவாகவில்லையே என்று கலங்குவோர் அவரினும் பலர். இராதாகிருஷ்ணனின் தொடக்கம் இவ்விரண்டாம் வகையினது. பற்று முதலில் தோன்றிப் படிப்பு அதன்பின் வரவில்லை. படிப்பின் உழைப்பிலிருந்தே பற்று மெல்ல முளைத்தது. கல்லூரி வழங்கிய உதவித்தொகை போதாமையால், பிற மாணவர்க்குத் தனிப்பாடம் நடத்தியும் அவர் தம் செலவைச் சரிக்கட்டினார். கற்பிக்கும் கலையில் அவர் பெற்ற முதற்பயிற்சி, தேவை தந்த பயிற்சியே ஆகும்.

வகுப்பறை எழுப்பிய ஐயம்

திருப்பதியிலும் வேலூரிலும் சென்னையிலுமாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கிறித்தவத் திருச்சபைகள் நடத்திய நிறுவனங்களிலேயே இராதாகிருஷ்ணன் பயின்றார். அங்கு அவர் இருவகைப் பயன் பெற்றார். ஒன்று, விவிலியத்திலும் மேலைத் தத்துவத்திலும் ஆழ்ந்த பயிற்சி. மற்றொன்று, தாம் பிறந்த சமயத்தைப் பற்றிய கடுமையான விமரிசனம். உலகம் மாயை என்று கூறும் வேதாந்தத்தில் நன்மை தீமைக்கு இடம் எங்கே, இம்மையை மதிக்காத சமயம் மக்களுக்கு அறவாழ்வை எவ்வாறு கற்பிக்கும் என்பன போன்ற வினாக்கள் அக்காலத்துக் கிறித்தவ அறிஞர்களால் முன்வைக்கப்பட்டன.

இவ்வினாக்கள் அவரை வருத்தின. வீட்டில் கண்டு வளர்ந்த வழிபாடும் நம்பிக்கையும் ஒருபுறம். அவை அறிவுக்கு ஒவ்வாதனவோ என்னும் ஐயம் மறுபுறம். இத்தகைய நிலையில் இளைஞர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வர். ஒன்று, கேள்வி கேட்டவரைப் பகைவராகக் கருதிக் காதுகளை மூடிக்கொள்வர். அல்லது தம்முடையது அனைத்தும் தாழ்ந்தது என்று நம்பி உள்ளம் சோர்வர். இராதாகிருஷ்ணன் இரண்டையும் செய்யவில்லை. தம் மரபில் உயிருள்ளது எது, உயிரற்றது எது என்பதைத் தாமே ஆராய்ந்து அறிவது என்று முடிவு செய்தார். மூலநூல்களை நாடினார். தம்மை வருத்திய ஐயத்தையே ஆய்வுப் பொருளாக மாற்றிக்கொண்டார்.

அவருக்கு வாய்த்த பேராசிரியர்களுள் வில்லியம் மெஸ்டன், ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். ஹாக், கருமக் கோட்பாட்டையும் கிறித்தவ மீட்புக் கோட்பாட்டையும் ஒப்பிட்டுக் கல்லூரி இதழில் எழுதிவந்த அறிஞர். தம் சமயத்தில் உறுதியான பற்றுடையவர். அதே வேளையில், மாணவர்கள் தாமே சிந்திக்க வேண்டும் என்று விரும்பியவர்.

ஆய்வேடும் அச்சமும்

முதுகலைப் பட்டத்திற்கு உரிய ஆய்வேட்டை எழுதும் காலம் வந்தது. வேதாந்தத்தின் அறவியலையும் அதற்கு அடிப்படையான தத்துவக் கருத்துகளையும் இராதாகிருஷ்ணன் தம் பொருளாகத் தேர்ந்தெடுத்தார். வேதாந்தத்தில் அறத்திற்கு இடமில்லை என்ற விமரிசனத்திற்கு நேரான விடையாக அஃது அமைந்தது. ஆனால், அந்த ஏட்டை மதிப்பிடப் போகிறவர்கள் கிறித்தவப் பேராசிரியர்கள். ஆசிரியர்களின் சமய நோக்கோடு மாறுபடும் கருத்தை அவர்களிடமே ஒப்படைப்பது, உதவித்தொகையையும் தேர்வு முடிவையும் நம்பி வாழும் மாணவனுக்கு எளிதான செயலன்று. துணிவான அத்தலைப்பு ஹாக்கின் மனத்தைப் புண்படுத்திவிடுமோ என்று அவர் அஞ்சினார். அவ்வச்சத்தை அவரே பின்னாளில் பதிவு செய்துள்ளார்.

அஞ்சியபோதும் அவர் தலைப்பை மாற்றவில்லை. அச்சம் நீங்கிய பின் எழுதுவோம் என்று காத்திருக்கவும் இல்லை. அச்சத்தோடேயே எழுதி முடித்தார். ஏட்டைப் படித்த ஹாக், மாணவரின் கருத்தோடு தாம் உடன்படுகிறாரா இல்லையா என்பதை அளவுகோலாகக் கொள்ளவில்லை. சிக்கலான தத்துவச் செய்திகளைக் கையாண்ட திறத்தையும் ஆங்கில நடையின் தெளிவையும் பாராட்டிச் சான்று வழங்கினார். 1908இல் அவ்வாய்வேடு நூலாக வெளிவந்தபோது இராதாகிருஷ்ணனுக்கு அகவை இருபது. தம் பெயரை அச்சில் கண்ட மகிழ்ச்சி அவர் நினைவில் நெடுங்காலம் நின்றது.

இதன் தொடர்ச்சியும் அறியத்தக்கது. புகழ்பெற்ற பின்னர் அந்நூலைத் திரும்பிப் பார்த்த இராதாகிருஷ்ணன், அது முதிர்ச்சியற்றது, அணி நடை மிகுந்தது என்று மதிப்பிட்டார். அதனை எழுதியதற்காக நாணுவதாகவும் குறிப்பிட்டார். முதல் முயற்சி குறையுடையதாக இருந்தது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். எனினும், குறையுடைய அம்முதல் முயற்சியே அடுத்த படிக்குக் கொண்டுசென்றது. குறையற்றதாக எழுதினால்தான் வெளியிடுவேன் என்று அவர் இருந்திருந்தால், பின்னாளைய பெருநூல்கள் தோன்றியிரா.

சம்பளமும் குடும்பமும்

முதுகலைப் பட்டம் பெற்றவுடன், மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்வது அக்காலத்து வசதி படைத்த இளைஞரின் வழக்கம். இராதாகிருஷ்ணனுக்கு அவ்வழி இல்லை. பெற்றோரும் உடன்பிறந்தாரும் அவர் வருவாயை எதிர்பார்த்திருந்தனர். மனைவியும் இல்லறத்திற்கு வந்து சேர்ந்திருந்தார். வேட்கையா, குடும்பமா என்று நின்று ஆராய்வதற்கே அவருக்கு இடமில்லாதிருந்தது. வேலை வேண்டும், அதுவும் உடனே வேண்டும்.

1909ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சென்னை மாநிலக் கல்லூரியின் தத்துவத் துறையில் அவருக்குப் பணி கிடைத்தது. அரசுக் கல்விப் பணியின் கீழ்நிலைப் பிரிவில் அமைந்த அவ்வேலைக்குச் சம்பளம் சொற்பம். சென்னையில் குடித்தனம் நடத்தவும் பெற்றோர்க்கு உதவவும் அது போதவில்லை. கடன் வாங்கும் நிலையும் ஏற்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்லக் குழந்தைகளும் பிறந்தனர். வெளியே, கடற்கரையோரத்து மாநிலக் கல்லூரியின் மதிப்புமிக்க ஆசிரியர். உள்ளே, மாதக் கடைசியை எண்ணிக் கவலையுறும் குடும்பத் தலைவர். இவ்விரு நிலையையும் ஒரே வேளையில் அவர் சுமந்தார்.

இதே ஆண்டுகளில் இதே சென்னையில் மற்றோர் இளைஞரும் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தார் என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். இராதாகிருஷ்ணனுக்கு ஏறத்தாழ ஒன்பது மாதம் மூத்தவர். 1909இல் திருமணம் ஆனவர். கணிதத்தில் மட்டுமே மனம் ஊன்றியமையால் பிற பாடங்களில் தோற்றுப் பட்டம் பெறாமல் நின்றார். 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, 1914இல் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். ஒருவர் எல்லாத் தேர்விலும் வென்றவர். மற்றவர் தேர்வுகளில் தோற்றவர். வறுமையும் இளம்வயது இல்லறமும் எதிர்காலம் பற்றிய கலக்கமும் இருவர்க்கும் பொதுவாக இருந்தன. ஆற்றல் மிக்கவர்க்குக் கலக்கம் வாராது என்னும் கருத்து எத்துணைப் பிழையானது என்பதற்கு இவ்விருவர் வாழ்வே சான்று.

கற்பித்துக்கொண்டே கற்றவர்

பணியில் சேர்ந்த இராதாகிருஷ்ணன், ஆசிரியப் பயிற்சி பெறுவதற்காகச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். முதுகலை முடித்துக் கல்லூரியில் கற்பித்த ஒருவர், மீண்டும் மாணவராக வகுப்பில் அமர்வது சிலருக்குத் தாழ்வாகத் தோன்றக்கூடும். அவர் அதனையும் வாய்ப்பாக்கிக்கொண்டார். உளவியலில் அவருக்கிருந்த தேர்ச்சியை அறிந்த அங்குள்ள ஆசிரியர், உடன்பயில்வோர்க்கு அப்பாடத்தை விளக்குமாறு அவரையே பணித்தார். அச்சொற்பொழிவுகளின் பயனாக 1912இல் உளவியலின் அடிப்படைகள் பற்றிய நூல் ஒன்று வெளிவந்தது.

மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய ஆண்டுகள் அவருக்கு இரண்டாம் கல்விக்காலம் ஆயின. உபநிடதங்கள், பகவத்கீதை, பிரம்மசூத்திரம் ஆகியவற்றைச் சங்கரர், இராமானுசர், மத்துவர் முதலியோரின் உரைகளோடு ஊன்றிப் பயின்றார். பௌத்த, சமண நூல்களைக் கற்றார். பிளேட்டோ, புளோட்டினஸ், காண்ட் முதல் தம் காலத்தவரான பிராட்லி, பெர்க்சன் வரை மேலைச் சிந்தனையாளரையும் தொடர்ந்து படித்தார். வெளிநாடு சென்று கற்க இயலாத குறையை, நூலகத்தின் துணைகொண்டு உள்ளூரிலேயே நிறைவு செய்தார்.

கற்றதைத் தம்மளவில் வைத்துக்கொள்ளாமல், பன்னாட்டு ஆய்விதழ்களுக்குக் கட்டுரைகளாக எழுதி அனுப்பினார். கீதையின் அறவியலையும் காண்ட்டின் அறவியலையும் ஒப்பிடும் கட்டுரை 1911இலும், வேதாந்தமும் மாயைக் கோட்பாடும் பற்றிய கட்டுரை 1914இலும் பன்னாட்டு அறவியல் இதழில் வெளிவந்தன. அவர் பெயரை அறியாத, அவர் வறுமையையும் அறியாத அயல்நாட்டுப் பதிப்பாசிரியர்கள் எழுத்தின் தகுதி ஒன்றையே நோக்கி அவற்றை ஏற்றனர். தம் ஆற்றல் பற்றித் தயக்கம் கொண்ட இளம் ஆசிரியர்க்கு இதைவிடச் சிறந்த அளவுகோல் வாய்த்திருக்க இயலாது. தம்மைத் தாமே உயர்வாகவோ தாழ்வாகவோ எண்ணிக்கொண்டிருப்பதை விட்டு, செய்த பணியை அறிந்தோர் முன் வைத்துப் பார்ப்பதே அவர் கையாண்ட வழி.

மைசூரும் கல்கத்தாவும்

சில காலம் ராஜமகேந்திரவரம் கலைக் கல்லூரியில் பணியாற்றிய பின், 1918இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியராக இராதாகிருஷ்ணன் அமர்த்தப்பட்டார். அதே ஆண்டு இரவீந்திரநாத் தாகூரின் தத்துவம் பற்றிய அவரது நூல் இலண்டனில் வெளிவந்தது. 1920இல் தற்காலத் தத்துவத்தில் சமயத்தின் ஆட்சி பற்றிய நூல் வெளிவந்து, மேலைநாட்டு அறிஞர்களின் கவனத்தை அவர்பால் திருப்பியது. முதல் வேலையில் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே பேராசிரியர் பதவியும் பரவலான புகழும் அவருக்கு வாய்த்தன என்பதை மறத்தல் கூடாது.

1921இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் அமைந்த தத்துவப் பேராசிரியர் பதவிக்கு இராதாகிருஷ்ணனை அழைத்தார். இந்தியாவில் தத்துவம் கற்பிப்போர்க்கு அப்பதவியே தலைமையானது. அதில் அவருக்கு முன் வீற்றிருந்தவர், பலதுறைப் பேரறிஞர் பிரஜேந்திரநாத் சீல். அவர் இடத்தில், முப்பத்திரண்டு அகவையே நிரம்பிய, வங்கமொழி அறியாத, அயல்நாட்டுப் பட்டம் எதுவும் பெறாத தென்னாட்டு இளைஞர் சென்று அமர வேண்டியிருந்தது. குடும்பத்தைத் தொலைதூரப் புதிய நகருக்குப் பெயர்க்கவேண்டிய பொறுப்பும் உடனிருந்தது. அழைப்பை அவர் ஏற்றார்.

மைசூரை விட்டுப் புறப்பட்ட நாளில், மாணவர்கள் மலர்களால் அணிசெய்த வண்டியில் அவரை ஏற்றி, குதிரைகளுக்கு மாறாகத் தாமே இழுத்துத் தொடர்வண்டி நிலையம் வரை கொண்டுசென்றனர். பள்ளியில் பேசத் தயங்கிய சிறுவர், மாணவர் உள்ளங்களை ஆட்கொண்ட ஆசானாக மலர்ந்திருந்தார்.

கல்கத்தாவில் அவர் எழுதிய ‘இந்தியத் தத்துவம்’ 1923இலும் 1927இலும் இரு தொகுதிகளாக இலண்டனில் வெளிவந்தது. 1926இல் முதன்முறையாகக் கடல்கடந்து சென்று, ஆக்ஸ்போர்டிலும் சிகாகோவிலும் சொற்பொழிவாற்றினார். ஹார்வர்டில் கூடிய பன்னாட்டுத் தத்துவ மாநாட்டிலும் உரையாற்றினார். அயல்நாட்டில் கற்க இயலாதவர், முப்பத்தெட்டாம் அகவையில் அங்கே கற்பிக்கச் சென்றார். பத்தாண்டுகளுக்குப் பின், 1936இல், ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் கீழைச் சமயங்கள், அறவியல் ஆகியவற்றுக்கான ஸ்பால்டிங் பேராசிரியரானார். அப்பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இருக்கையில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே.

இல்லத்தின் மறுபக்கம்

இவ்வுயர்வுகளை எண்ணும்போது, அவற்றுக்கு வேறொருவரும் விலை கொடுத்தார் என்பதை எண்ணாமலிருத்தல் நடுவுநிலைமை ஆகாது. சிறுமிப் பருவத்தில் மணம்புரிந்த சிவகாமு அம்மையார், ஐந்து பெண்மக்களையும் ஒரு மகனையும் வளர்த்தார். சொற்பச் சம்பளத்தில் குடும்பத்தை நடத்தியவரும், சென்னை, மைசூர், கல்கத்தா எனக் கணவரின் பணி மாறும்தோறும் இல்லத்தைப் பெயர்த்து நிறுத்தியவரும் அவரே. கணவர் நூல்களோடும் பயணங்களோடும் இருந்த காலமெல்லாம் வீட்டின் சுமை அவர் தோளில் இருந்தது. தாமும் கற்க வேண்டும், உயர வேண்டும் என்னும் வேட்கை அவருக்கு இருந்ததா என்று கேட்பார் அக்காலத்தில் இல்லை. 1956இல் அவர் மறைந்தார்.

இவர்தம் மகன் சர்வபள்ளி கோபால், சிறந்த வரலாற்றறிஞர். தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1989இல் வெளியிட்ட அவர், தந்தையின் இல்லற வாழ்வில் இருந்த குறைகளையும் மறைக்காமல் பதிவு செய்தார். அறிவுலகில் இராதாகிருஷ்ணன் காட்டிய சீர்மையைக் குடும்ப வாழ்வில் முழுமையாகக் காட்டவில்லை என்பது அவ்வரலாற்றால் விளங்குகிறது. பணி, குடும்பம் என்னும் இரண்டையும் ஒப்ப நடத்துதல் எத்துணைப் பெரியார்க்கும் அரிது. ஒருவர் உயர மற்றொருவர் தம் விருப்பத்தை அடக்கிக்கொள்வது, உண்மையான சமநிலை ஆகாது. சிவகாமு அம்மையார் காலத்தில் பெண்களுக்கு அடைத்துக்கிடந்த கல்விக் கதவுகள் இன்று திறந்துள்ளன. ஆதலால், அச்சமநிலையை நாடும் பொறுப்பு இக்காலத்து இளைஞர்க்கு முன்னையோரினும் மிகுதியாக உண்டு.

ஆசானாகவே நிலைத்தவர்

1931 முதல் 1936 வரை ஆந்திரப் பல்கலைக்கழகத்திற்கும், 1939 முதல் 1948 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்கும் இராதாகிருஷ்ணன் துணைவேந்தராகத் திகழ்ந்தார். 1949 முதல் 1952 வரை சோவியத் ஒன்றியத்தில் இந்தியத் தூதராகப் பணியாற்றினார். 1952இல் குடியரசுத் துணைத்தலைவரானார். 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவராக விளங்கினார். தம் பிறந்தநாளைக் கொண்டாட விரும்பியோரிடம், அந்நாளை ஆசிரியர்களைப் போற்றும் நாளாகக் கொள்ளுமாறு அவர் கூறினார். 1962 முதல் செப்டம்பர் 5 ஆசிரியர் நாளாயிற்று. பதவிக்காலம் முடிந்ததும் சென்னைக்குத் திரும்பி, மயிலாப்பூரில் வாழ்ந்து, 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் மறைந்தார்.

அவர் பிறந்த மாவட்டத்தில் இன்று, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் நுழையும் மாணவர் பலர். கும்மிடிப்பூண்டி ஆலைகளில் இரவுப் பணி முடித்துப் பகலில் தேர்வுக்குப் படிப்போரும், திருத்தணியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் மின்தொடர்வண்டியில் நாள்தோறும் சென்னைக்குச் சென்று கற்போரும் உள்ளனர். வீட்டுக்கு அனுப்பவேண்டிய பணம், முடிக்கவேண்டிய படிப்பு, தன்னால் இயலுமா என்னும் தயக்கம் ஆகிய மூன்றும் அவர்களோடு பயணம் செய்கின்றன. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் திருத்தணி இளைஞர் ஒருவரோடு பயணம் செய்தவையும் இவையே.

அவற்றை அவர் ஒரே நாளில் வென்றுவிடவில்லை. பொருத்தமானதா என்று அறியாத பாடத்தை உழைத்துத் தமதாக்கினார். தம்மை வருத்திய ஐயத்தை ஆராய்ச்சிக்கு உரிய வினாவாக மாற்றினார். அச்சம் இருந்தபோதே எழுதினார். பற்றாக்குறை இருந்தபோதே படித்தார். முதல் நூலின் குறையைக் காணும் கண் அவருக்கு இறுதிவரை இருந்தது. அவர் வாழ்வில் ஐயம் ஒருபோதும் முற்றிலும் நீங்கவில்லை. அடுத்த நூலைத் திறக்கவும், அடுத்த கட்டுரையைத் தொடங்கவும் அவரைத் தூண்டும் துணையாக அது மாறியது. இளமையின் தயக்கம் இயலாமையின் அடையாளம் அன்று. இன்னும் கற்கவேண்டியது உண்டு என்று உள்ளம் உணர்த்தும் அறிவிப்பே அது. அவ்வறிவிப்பைக் கேட்டு, அன்றைய பணியை அன்று செய்தவர் என்பதே இராதாகிருஷ்ணன் இளமை வரலாறு கூறும் செய்தியாகும்.